மனைவி புலம்பல், பக்கம் ஒன்பது

கணவர் இறந்த இருபதாம் நாள், நான் எப்படி அழுதேன் என்பதை அச்சில் வாசித்தேன்.

காலை பத்து மணி இருக்கும். அளவெட்டியில் எங்கள் வீட்டு விறாந்தையில் பாயில் இருந்தேன். கணவரின் தமையன், நான் பெரியத்தான் என்று கூப்பிடுபவர், ஈரம் காயாத தாள்களைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். அச்சு மையும் மண்ணெண்ணெயும் கலந்த மணம் அடித்தது.

"உன்ரை பக்கத்து ஆக்களின்ரை பேரெல்லாம் சரியோ எண்டு பார் பிள்ளை. பாத்துப்போட்டு அச்சுக்கூடத்துக்கு ஆரிட்டையும் குடுத்து விடு. நான் இண்டைக்குக் கொழும்புக்குப் போறன், முப்பத்தொண்டுக்கு முதல் வந்திடுவன்" என்றார்.

சென்ற கிழமை இந்தப் பத்தியில் நான் எழுதிய எங்கள் கலியாண வீட்டுக் கதையை வாசித்த ஒருவர், 'அந்த மாப்பிள்ளை பிறகு என்ன ஆனார்?' என்று கேட்டு எழுதியிருந்தார். முப்பத்தாறு வயதில் செங்கமாரி என்கிற மஞ்சள் காமாலை வந்து, பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்துப்போனார். அந்தக் கதையைத்தான் இந்தக் கிழமை சொல்லப் போகிறேன்.

மடியில் இருந்தது அவருடைய கல்வெட்டு. வெளியூர் வாசகர்கள் கல்லைத் தேட வேண்டாம். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு ஒரு சிறு புத்தகம் அச்சடிப்பார்கள். இறந்தவருடைய ஊர், குலம், பிறப்பு, கலியாணம், சாவு எல்லாம் பாட்டாக இருக்கும். பிறகு வீட்டார் ஒவ்வொருவராகப் புலம்புவார்கள். கடைசியில் தேவாரம். வந்த சனத்துக்கு முன்னால் ஒருவர் அதை இராகத்தோடு பாடுவார். எல்லாருக்கும் ஆளுக்கொரு பிரதி கிடைக்கும். அதுதான் எங்கள் கல்வெட்டு.

பேர்களைப் பார்க்கத்தான் எடுத்தேன். இரண்டாம் பக்கத்தில் அளவெட்டியில் ஆறு ஒன்று பாய்ந்தது. யாழ்ப்பாணத்தில் எந்த ஊரில் ஆறு இருக்கிறது? துலா மிதித்துத் தண்ணீர் இறைத்த சனத்துக்குப் புலவர் ஒரு ஆற்றையே தானம் செய்திருந்தார். நாலாம் பக்கத்தில் என் கணவர் ஏர் பிடித்தார். ஏழாம் பக்கத்தில் அவருடைய மக்கள் இருவர் தேம்பித் தேம்பி அழுதார்கள். எங்களுக்குப் பிள்ளைகளே இல்லை. புலவர் பழைய கல்வெட்டு ஒன்றை எடுத்து, பேரை மட்டும் மாற்றிக் கொடுத்திருக்கிறார் என்று தெரிந்தது. சிரித்துவிட்டேன். கணவர் போனபிறகு நான் சிரித்தது அதுதான் முதல் தரம்.

பிறகு ஒன்பதாம் பக்கத்தைத் திருப்பினேன். தலைப்பு: மனைவி புலம்பல்.

அதில் நான் அவரை 'மன்னவா' என்று கூப்பிட்டிருந்தேன். தீயில் விழவா, கிணற்றில் பாயவா என்று கேட்டிருந்தேன். பூவிழந்தேன், பொட்டிழந்தேன், இனி யாருக்கு நான் வேண்டும் என்று இரண்டு பக்கத்துக்குப் புலம்பியிருந்தேன். நான் அவரை ஒருநாளும் மன்னவா என்று கூப்பிட்டதில்லை. 'இஞ்சாருங்கோ' என்பேன். கோபம் வந்தால் அதுவும் கிடையாது. முன்பின் தெரியாத ஒரு மனிதர் என் அழுகையை எனக்கு முதல் அழுது முடித்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் கண்ணீர் நின்றுபோனது.

ஒரு கொண்டக்டரின் சிபாரிசுகள்

அவர் பஸ் கொண்டக்டர். அந்தச் சொல் கல்வெட்டில் ஓரிடத்திலும் இல்லை. 'அரச சேவை' என்று பெரியத்தான் போட்டிருந்தார். கொழும்பில் கந்தோர் உத்தியோகத்தில் இருக்கும் தமையனுக்குத் தம்பியின் காக்கிச் சட்டை எப்போதும் கொஞ்சம் உறுத்தல்தான்.

காக்கிச் சட்டைக்காரரின் வேலை டிக்கட் கிழிப்பது மட்டுமில்லை. மருதனார்மடத்தில் ஏறி மானிப்பாயில் இறங்குவதற்குள் உங்களுக்கு ஒரு புத்தகமோ ஒரு படமோ சொல்லிவிடுவார். நீங்கள் கேட்கத் தேவையில்லை. முகத்தைப் பார்த்தே சொல்வார்.

"அக்கா, உந்தப் படத்துக்கோ போறியள்? இடைவேளையோடை எழும்பி வந்திடுங்கோ. பேந்து ஒண்டுமில்லை."

"மாஸ்ரர், இந்தப் புத்தகம் முதல் நாப்பது பக்கம் சவ்வு. பல்லைக் கடிச்சுக்கொண்டு தாண்டுங்கோ."

புத்தகம் வாங்கி வருவார். வாசித்து முடித்ததும் அந்தக் கிழமை முழுக்க அதே கதைதான். நான் வாரச் சஞ்சிகைத் தொடர்கதை மட்டும் வாசிக்கிறவள். தடித்த புத்தகத்தைக் கண்டால் தலையிடிக்கும். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டு கதை சொல்ல, அதைக் கேட்டுத் திருப்திப்பட்டு இருந்துவிட்டேன். "நீயும் வாசி" என்பார். "நீங்கள்தானே சொல்லிப்போட்டியள்" என்பேன்.

ஆஸ்பத்திரியிலும் பக்கத்துக் கட்டில்காரருக்குப் புத்தகம் சொல்லிக்கொண்டுதான் கிடந்தார். கண்ணும் நகமும் மஞ்சள். பேசினால் மூச்சு வாங்கும். "இதை மட்டும் நீ வாசிக்க வேணும்" என்று என்னிடம் ஒன்றைச் சொன்னார். "முதல் நீங்கள் எழும்புங்கோ" என்று வாயை அடைத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் வாயில் இரண்டு போடலாம் போல இருக்கும்.

தாள் இல்லாத வருடம்

அது எழுபதுகளில் அரசாங்கம் இறக்குமதியை நிறுத்தி, எல்லாத்துக்கும் தட்டுப்பாடான காலம். பாணுக்கு விடியமுதல் கியூவில் நிற்க வேண்டும். அரிசி அளவாய்த்தான். தோட்டம் செய்கிறவர்களுக்கு மிளகாயும் வெங்காயமும் நல்ல விலை போனதால் சிலருக்குக் கல்வீடு எழும்பியது. சிலருக்கு மரவள்ளிக் கிழங்கு மட்டும்தான். இந்தியச் சஞ்சிகைகள் வருவது நின்றுவிட்டது. பாதியில் நின்ற தொடர்கதைகளில் எத்தனை கதாநாயகிகள் தாலி கட்டாமலே இருந்தார்களோ தெரியாது. புதுப் படமும் எப்போதாவதுதான். பழைய படத்தையே திருப்பித் திருப்பிப் போட்டார்கள்.

தாளுக்கும் பஞ்சம். அதனால் கல்வெட்டு பன்னிரண்டு பக்கம்தான் என்று அச்சுக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். ஒரு பக்கம்கூடக் கூட்ட முடியாது.

நான் கொப்பி ஒன்றை எடுத்தேன். அவர் சொன்னதெல்லாம் நினைவில் இருந்து இலக்கம் போட்டு எழுதினேன். வாசிக்கச் சொன்னவை பதினொன்று, பார்க்கச் சொன்னவை ஏழு. பேருக்குப் பக்கத்தில் அவர் பஸ்ஸில் சொல்லும் வார்த்தையையே போட்டேன். ஒரு சொல்லைக்கூடத் திருத்தவில்லை. பேர்களை இங்கே எழுதினால் ஆளுக்கொரு கட்சியாகி ஆசிரியருக்குக் கடிதம் போடுவீர்கள். அதனால் விடுகிறேன்.

எழுதி முடித்துச் சீலையை உதறிக்கொண்டு எழும்பினேன். அம்மா குசினியிலிருந்து ஓடி வந்தா.

"எங்கை போறாய்?"

"மருதனார்மடத்துக்கு. அச்சுக்கூடத்துக்கு."

"முப்பத்தொண்டும் முடியேல்லை. படலைக்கு வெளியாலை கால் வைக்கப் போறியோ? சனம் என்ன சொல்லும்?"

"சனத்துக்குச் சொல்லத்தானே அம்மா போறன்."

வெள்ளைச் சீலையோடு பஸ்ஸில் ஏறினேன். அவருடைய பஸ்தான். ஒரு மனிசி தன் மகளைப் பக்கத்துச் சீற்றுக்கு இழுத்துக்கொண்டாள். நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். புகையிலைத் தோட்டங்கள் பச்சையாகத்தான் இருந்தன. இறங்கித் திரும்பிப் போவோமா என்று இரண்டு தரம் நினைத்தேன். போகவில்லை.

"எந்தப் படத்தை எண்டு சொன்னவர்?"

அச்சுக்கூடக்காரர் கந்தையா அண்ணை எழுத்துப் பெட்டிக்கு முன்னால் நின்றார். என்னைக் கண்டதும் கையில் இருந்த ஈய எழுத்துகள் சில சிதறி விழுந்தன.

"தங்கச்சி, ஆரையும் அனுப்பியிருக்கலாமே."

"இது நான் வரவேண்டிய வேலை அண்ணை. ஒன்பதாம் பத்தாம் பக்கத்தை எடுத்துப்போட்டு இதை எழுத்துக் கோத்துப் போடுங்கோ."

கொப்பித் தாளை வாங்கி மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். வாசித்தார். முகம் மாறியது.

"படப் பேரெல்லாம் கிடக்கு! கல்வெட்டிலை படமோ? தேவாரத்துக்கு முதல் பக்கத்திலை? இது சாமியறையிலை வைக்கிற புத்தகம் பிள்ளை."

"வைக்கட்டும்."

"உன்ரை பெரியத்தான் என்னை வெட்டிப்போடுவார்."

"அவர் தம்பிக்கு அழுகிறார். அவரின்ரை புலம்பல் எட்டாம் பக்கத்திலை கிடக்கு, அதைத் தொடாதேங்கோ. ஒன்பதாம் பக்கம் என்ரை. அதிலை நான்தான் கதைக்க வேணும்."

அவர் தாளைத் திரும்பவும் மேலிருந்து வாசித்தார். பிறகு விரலை ஒரு வரியில் வைத்தார்.

"உந்தப் படத்தையோ இடைவேளையோடை எழும்பி வரச் சொன்னவர்? நான் ரண்டு தரம் பாத்தனான்! கடைசிக் காட்சிதானே உயிர்!"

"அவர் அப்பிடித்தான் சொன்னவர்."

"பிழையாச் சொல்லிப்போட்டார். ஒரு நாள் பஸ்ஸிலை என்னோடையும் இதைப் பற்றி..." என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தலைப்பு என்ன போட?"

"தலைப்பை மாத்த வேண்டாம். மனைவி புலம்பல் எண்டே இருக்கட்டும்."

மக்கள் இருவரையும் சேர்த்து எடுத்துவிடச் சொன்னேன். அந்த இடத்தில் 'இவர் பஸ் கொண்டக்டர்' என்று தடித்த எழுத்தில் போடச் சொன்னேன். ஆற்றை மட்டும் விட்டுவிட்டேன். ஊருக்கு ஒரு ஆறு இருந்தால் நல்லதுதானே.

சின்னத்துரை வாத்தியார் பாடுகிறார்

அந்தியேட்டி அன்று காலை கீரிமலைக்குப் போய்வந்து, கிரியைகள் முடிந்து, பந்தலுக்குள் சனம் நிறைந்திருந்தது. ஒரு பக்கம் உறவுக்காரர். மறுபக்கம் காக்கிச் சட்டைக்காரர். கல்வெட்டுக் கட்டு அன்று காலைதான் வந்தது. பெரியத்தானுக்கு வாசலில் ஆட்களை வரவேற்கவே நேரம் சரியாக இருந்தது. அவர் அதைத் திறந்து பார்க்கவில்லை. நானும் பார்க்கச் சொல்லவில்லை.

கல்வெட்டுப் பாடுவதற்கு எங்கள் பகுதியில் சின்னத்துரை வாத்தியார்தான். நாற்பது வருடமாகச் செத்த வீடுகளில் பாடுகிறவர். முதலில் ஒருதரம் வாசித்துப் பார்க்கும் வழக்கம் அவருக்கு இல்லை. எல்லாக் கல்வெட்டும் ஒன்றுதான் என்பது அவருடைய அனுபவம். தொண்டையைச் செருமி முகாரியில் எடுத்தார். ஆறு பாய்ந்தது. ஏர் உழுதது. 'இவர் பஸ் கொண்டக்டர்' என்ற வரியையும் அதே முகாரியில் இழுத்துப் பாடிவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். ஆனாலும் நிற்கவில்லை. பெரியத்தானின் புலம்பல் வந்தபோது சனம் மூக்கை உறிஞ்சியது.

அடுத்தது மனைவி புலம்பல். பெண்கள் என் பக்கம் திரும்பினார்கள். அந்த இடத்தில் மனைவி தலையில் அடித்துக்கொண்டு அழ வேண்டும். அதுதான் வழக்கம். வாத்தியார் குரலை உயர்த்தி, நெஞ்சைப் பிழிகிற மாதிரிப் பாடினார்:

"இந்தப் புத்தகத்தைப் பஸ்ஸிலை வாசிக்கக் கூடாது... இறங்கிற இடம் தப்பிப்போம்..."

வாத்தியாருக்கு நாக்கு முன்னால் போய்விட்டது, மூளை பின்னால் வந்துகொண்டிருந்தது. அடுத்த வரியையும் பாடிவிட்டார்.

"இந்தப் படத்துக்குக் கதாநாயகிக்காகப் போகாதேங்கோ... மாமியாரா வாற மனிசிக்காகப் போங்கோ..."

காக்கிச் சட்டைப் பக்கத்தில் யாரோ 'ஹக்' என்று அடக்கினார். அவருடைய பஸ் சாரதிதான். பெரிய மீசைக்காரர். தோளிலிருந்த துவாயை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று முதலில் தெரியவில்லை. இரண்டும்தான்.

வாத்தியார் நிறுத்திவிட்டார். வியர்வை வழிந்தது. பெரியத்தான் வாசலிலிருந்து வந்து அவர் கையிலிருந்த கல்வெட்டைப் பறிக்கப் போனார்.

"நிப்பாட்டாதேங்கோ வாத்தியார்" என்றேன். இருபத்தெட்டு வயதில், நிறைந்த பந்தலில் ஆண்களுக்குக் கேட்கும்படி நான் குரல் வைத்தது அன்றுதான். "அது என்ரை புலம்பல். முழுக்கப் பாடுங்கோ."

வாத்தியார் பெரியத்தானைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மனிதருக்குப் பாடுவது தொழில் இல்லை, விரதம். பாடினார்.

"இந்தப் படம் மூண்டு மணித்தியாலம் அழவேணும் எண்டு நினைக்கிற ஆக்களுக்கு... வீட்டிலை அழக் காரணம் இருக்கிற ஆக்கள் போகத் தேவையில்லை..."

அதற்குப் பிறகு பந்தலில் சிரிக்காதவரும் இல்லை, அழாதவரும் இல்லை. "மெய்யே, எனக்கும் இதைச் சொன்னவர்" என்று ஒரு மனிசி மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள். "எனக்கு அந்தப் பதினொராவதை" என்றார் இன்னொருவர். முப்பது நாளாக ஒரு பிணமாய், ஒரு புகைப்படமாய், ஒரு மன்னவனாய் இருந்தவர் அந்த அரை மணித்தியாலம் திரும்பக் கொண்டக்டராக இருந்தார். எனக்கு அது போதும்.

சனம் கலைந்தபிறகு பெரியத்தான் மிச்சக் கல்வெட்டுகளை அள்ளிக்கொண்டு என் முன்னால் வந்தார்.

"என்ரை தம்பியைப் பகிடிக்காரன் ஆக்கிப்போட்டாய்."

"அவர் பகிடிக்காரன்தான் அத்தான். உங்களுக்கு முன்னாலை மட்டும் வாய் திறக்கிறேல்லை."

அவருடைய முகம் விழுந்துபோனது. அது நான் சொல்லியிருக்க வேண்டிய சொல்தானா என்று பிறகு பல நாள் யோசித்திருக்கிறேன். அவருக்கும் தம்பி செத்துத்தான் இருந்தான். ஆனால் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. "இனி இந்த வீட்டிலை ஆர் காலடி வைக்கினம் எண்டு பாப்பம்" என்றார். "வைப்பினம். இது என்ரை சீதன வீடு" என்றேன். அவர் அந்தக் கட்டோடு காரில் ஏறிப் போனார். பெரிய நட்டமில்லை. காக்கிச் சட்டைக்காரர் ஆளுக்கு இரண்டு மூன்று முதலே மடிக்குள் செருகியிருந்தார்கள்.

கல்வெட்டோடு வந்தவர்கள்

எங்கள் வழக்கப்படி ஆட்டைத் திவசம் முடியும்வரை, அதாவது ஒரு வருடம், அந்த வீட்டுக்கு நல்லது கெட்டது இல்லை. கோயில் திருவிழா இல்லை, கலியாண வீடு இல்லை, படம் பேச்சுக்கே இல்லை. மற்றவர்களும் முகத்தில் முழிக்காமல் ஒதுங்கிப் போவார்கள். விதவை வீடு பொதுவாக அமைதியாய்த்தான் இருக்கும்.

என் படலை அந்த வருடம் கிறீச்சிட்டபடி இருந்தது. கல்வெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார்கள். "பிள்ளை, இந்த நாலாவது கிடக்கோ?" தேயிலைப் பெட்டிகள் இரண்டில் அவருடைய புத்தகங்கள் இருந்தன. கொடுத்தேன். ஒருவர் கொண்டுவந்து தரும்போது, "இதைக் கொண்டக்டர் கூட்டிச் சொல்லிப்போட்டார், அவ்வளவு இல்லை" என்பார். உடனே சண்டை தொடங்கும். பாண் கியூவில் ஒருநாள் நானும் மூன்று பெண்களும் ஆறாவது படத்தைப் பற்றிச் சண்டை பிடித்ததில், பின்னால் நின்றவர் எங்களைத் தாண்டிப்போய்க் கடைசிப் பாணையும் வாங்கிவிட்டார். அன்று நாலு வீட்டிலும் மரவள்ளிக்கிழங்கு.

சண்டை பிடிக்க வேண்டுமென்றால் வாசிக்க வேண்டுமே. வாசிக்கத் தொடங்கினேன். ஒன்றாவது, இரண்டாவது என்று வரிசையாக. தலையிடிக்கவில்லை.

ஒன்பதாவதாகப் போட்டிருந்ததுதான் ஆஸ்பத்திரியில் 'இதை மட்டும் நீ வாசிக்க வேணும்' என்று அவர் சொன்ன புத்தகம். பயந்து பயந்து எடுத்தேன். என்னவோ எனக்கென்று ஒரு செய்தி இருக்கும் என்று நினைத்தேன். மூன்று நாளில் முடித்தேன். மோசமான புத்தகம். கதையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவர் சொன்னது முழுப் பிழை.

புத்தகத்தை மூடிவிட்டு, "இஞ்சாருங்கோ, என்ன கோதாரிக்கு இதை..." என்று வாய் திறந்து கூப்பிட்டுவிட்டேன்.

எங்கள் கலியாணத்துக்குப் பிறகு அவரோடு சரிசமமாய்ச் சண்டை பிடிக்க எனக்கு ஒரு விசயம் கிடைத்த முதல் நாள் அது. சண்டைக்கு ஆள் இல்லை. அன்றைக்கு அழுதேன் பாருங்கள். மத்தியானம் தொடங்கிப் பின்னேரம்வரை, அடுப்பு மூட்டாமல் அழுதேன். அம்மா வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனா.

புதுப் படம்

பத்தாவது மாதம் யாழ்ப்பாணத்துக்கு ஒரு புதுப் படம் வந்தது. ஊரெல்லாம் அதே கதை. வீட்டுக்கு வந்தவர்கள் என்னிடம் கேட்டார்கள்: "பிள்ளை, படம் எப்பிடியாம்? கொண்டக்டர் எண்டால் சொல்லியிருப்பார்."

அவர் பார்க்காத படம். அவர் ஒருநாளும் பார்க்கப்போவதில்லை. எனக்கு அதைச் சொல்ல இனி ஒருவரும் இல்லை. ஆட்டைத் திவசத்துக்கு இன்னும் இரண்டு மாதம் கிடந்தது.

வெள்ளைச் சீலையைத் தோய்த்து, காயவைத்து, அதையே உடுத்திக்கொண்டு பத்தரைக் காட்சிக்குத் தனியே போனேன். டிக்கட் கொடுத்தவர் என் சீலையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பிறகு கொடுத்தார். உள்ளே எனக்கு இரண்டு பக்கமும் கதிரை வெறுமையாய் இருந்தது. காலை நன்றாக நீட்டிக்கொண்டு இருந்தேன்.

காட்சி முடிந்து வெளியே வரும்போது அடுத்த காட்சிக்குச் சனம் மதில் ஓரமாய் வரிசையில் நின்றது. அதில் எங்கள் ஊர்ப் பெண்கள் ஐந்தாறு பேர். பெரியத்தானின் மனைவியும் அவர்களோடு நின்றா. என்னைக் கண்டதும் அவவுக்குக் கண் பிதுங்கியது.

"ஐயோ, ஆட்டைத் திவசமும் முடியேல்லை! எங்கை வந்தனி?"

ஆஸ்பத்திரிக்கு வந்தேன் என்று சொல்லலாம். தபால் கந்தோர் என்று சொல்லலாம். நான் தியேட்டர் வாசலுக்கு உள்ளே நிற்கிறேன்.

"படத்துக்கு" என்றேன்.

வரிசை முழுக்க என் பக்கம் திரும்பியது. பின்னால் நின்ற, எனக்கு யாரென்றே தெரியாத ஒரு மனிசி தலையை நீட்டினாள்.

"தங்கச்சி, படம் எப்பிடி?"

"பாட்டெல்லாம் குப்பை" என்றேன், வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி. "தகப்பன் சாகிற காட்சிக்கு அழவேண்டாம், அது பொய்யழுகை. ஆனால் கடைசியிலை அந்தப் பெட்டை திரும்பி ஒரு பார்வை பாக்கிறாள். அதுக்காகக் கட்டாயம் பாருங்கோ. நான் நாளைக்கும் வாறன்."